பாதி சிகரெட்

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிற்கும் இடத்தில் பெட்டிக்கடை வைத்திருந்த பாஞ்சாலிக்கு அந்த வருஷத்து பட்ஜெட் மேல் கொள்ளைப் பிரியம். ஊரே விலைவாசியைத் திட்டியபோது, டெல்லிக்காரன் மகராசனாக இருக்கட்டும் என்றாள் அவள். எல்லாம் மகன் பலராமனால்தான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, திருட்டுத்தனமாக சிகரெட் பிடிக்கப் பழகியிருந்தான். அவன் அப்பன் நடேசன் ஊதி ஊதியே ரத்தம் கக்கிப் போய்ச் சேர்ந்தவன். பாஞ்சாலி பிள்ளையை அடித்துப் பார்த்தாள், அழுது பார்த்தாள், பட்டினி கிடந்தும் பார்த்தாள். எதற்கும் மசியாதவன், பட்ஜெட்டில் சிகரெட் விலை ஏறியதும் தானாக வந்து நின்றான்.

"கட்டுப்படி ஆவலம்மா. வுட்டுட்டேன்."

பீடிக்கும் போகமாட்டான். அது வண்டிக்காரர்கள் சமாச்சாரம், படிக்கிற பையன்களுக்குக் கௌரவக் குறைச்சல். பாஞ்சாலி அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

புருஷனைத் தின்ற சாமானையே விற்றுப் பிழைத்தாளே என்று கேட்கலாம். வெற்றிலை பாக்கை மட்டும் விற்றால் அடுப்பு எரியாது. விலை ஏறியதும் பள்ளிக்கூடத்துப் பையன்கள் கடைப்பக்கமே வரவில்லை. வியாபாரம் படுத்துவிட்டது. யோசித்து யோசித்து, ஒருநாள் பாக்குவெட்டியை எடுத்தாள். பஞ்சு வைக்காத சிகரெட்டை நடுவில் வைத்து ஒரு அழுத்து. பாதி சிகரெட், பாதி விலை. பாக்குவெட்டியின் வாய் ஓரிடத்தில் உடைந்திருந்ததால் வெட்டின முனை பிய்ந்துகொண்டு வரும். யாரும் குறை சொல்லவில்லை. போன பையன்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். பலராமனின் சிநேகிதன் அப்பாவு தினமும் இரண்டு பாதி வாங்குவான்.

"ஒங் கூட்டாளி திருந்திட்டான். நீ எப்படா திருந்தப்போற?" என்று அவனைக் கேலி செய்வாள். அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

ஆடி மாதத்தில் ஒருநாள், துவைக்க எடுத்த பலராமனின் சட்டைப்பையில் பாதி சிகரெட் ஒன்று கிடந்தது. முனை பிய்ந்திருந்தது. தன் பாக்குவெட்டியின் வாய் அவளுக்குத் தெரியாதா? துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவனிடம் சட்டையைக் காட்டினாள். அவன் தலை குனிந்தான்.

"முழுசா வாங்க முடியலன்னுதாம்மா வுட்டேன். நீதான் பாதியாக்கி அப்பாவுகிட்ட குட்த்தியே."

குத்திக்காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னான். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் பாக்குவெட்டியைச் சாக்குக்கு அடியில் போட்டுவிட்டு, இனிமேல் முழு சிகரெட்தான் என்று கறாராகச் சொன்னாள். பையன்கள் சண்டை போடவில்லை. எதிர்ச் சாரியில் இருந்த தணிகாசலத்தின் கடைக்குப் போனார்கள். அங்கேயும் ஒரு பாக்குவெட்டி தொங்கியது, புதுசு. "ஒன்னப் பாத்துதாங்கா கத்துக்கினேன்" என்று அவன் போன வாரம்தான் நன்றியோடு சொல்லியிருந்தான்.

சாயங்காலம் அந்தக் கடை முன்னால் வெள்ளைச் சட்டைகளாக நின்றன. அதில் அவள் துவைத்த சட்டையும் ஒன்று. பெற்றவளுக்கு முதுகைப் பார்த்தால் போதாதா? கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிட்டு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.