கூரைக்குள் இழுத்த வெள்ளை வயர்

தேயிலைக் கூடைக்கயிறு இழுத்த இழுப்பில் சண்முகவடிவுக்கு உச்சந்தலையிலிருந்து பிடரிவரை விண்விண்ணென்று தெறித்தது. கூடையை இறக்கிவிட்டு உட்காரலாமென்றால் லய வரிசையில் அவளுடைய காம்பரா வாசலில் சப்ராஸ் இரண்டு வயர்ச் சுருளோடு நின்றான். அக்கரப்பத்தனை டவுனில் போன் கடை வைத்திருப்பவன்.

"கறுப்பு வெளியால போடுறதுக்கு, அக்கா. மழை வெயில் தாங்கும். வெள்ளை உள்ளுக்கு மட்டுந்தான்."

லயத்தில் கைப்போனுக்குச் சிக்னல் கிடையாது. போன மாதம் புருஷன் முத்துலிங்கத்துக்கு நெஞ்சு அடைத்தபோது சிக்னல் கிடைக்கும் மலைப்பாறைக்கு ஓடித்தான் தோட்டத்து லொறிக்குப் பேசினாள். திரும்பி வரும்வரை ஆள் இருக்குமா என்ற பயம் இன்னும் தீரவில்லை. அதற்குத்தான் இந்த வயர் போன்.

"வெளிச்சுவத்துல ஆணி அடிக்க தோட்டத்து ஆபீஸ் கடுதாசி வேணுமே. துரை லீவு. வர ரெண்டு வாரமாகும்" என்றாள் சண்முகவடிவு.

"அதுவரைக்கும் நெஞ்ச நிறுத்தி வச்சிக்கவா?" என்றார் முத்துலிங்கம்.

"அப்ப வெள்ளைய கூரைக்குள்ளால இழு தம்பி."

"அங்க காம்பராவுக்குக் காம்பரா எடுத்த கரண்டு வயர் கெடக்குக்கா. எல்லாம் ஒட்டுப்போட்டது. பயமா இருக்கு."

"பன்னெண்டு வீட்டுக்கும் அதுலதான் லைட்டு எரியுது. எங்களுக்கு மட்டும் ஏதும் வந்துருமா?"

இழுத்தான்.

நாலாம் நாள் பின்னேரம் அடைமழை. போன் விட்டுவிட்டுக் கிணுங்கியது. எடுத்தவளின் கையைச் சுண்டி எறிந்தது. கூரைக்குள் கரண்டு வயர் கருகும் வாடை. பக்கத்துக் காம்பராக் கூரையில் புகை. முத்துலிங்கம் நெஞ்சைப் பிடித்தபடி சுவரோடு சரிந்தார். போன் செத்துக் கிடந்தது. ஓடுவதா, நெருப்பை அணைப்பதா? அவள் வாசலுக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

பக்கத்துக் காம்பராப் பிரேமினிதான் லயக்கோடிக்கு ஓடி மெயின் சுவிட்சை இறக்கினாள். திரும்பி வந்து உலக்கையால் தன் கூரைத் தகரத்தைக் குத்திப் பெயர்த்தாள். அந்த ஓட்டையால் மழை கொட்டியதில் நெருப்பு அடங்கியது.

"அண்ணன நான் பாத்துக்கிறேன். நீங்க பாறைக்குப் போங்கக்கா."

வழுக்கலில் இரண்டு தடவை விழுந்தாள். பாறையில் ஏறி நம்பரை அழுத்தினாள். லொறி வந்தது. மூன்றாம் நாள் முத்துலிங்கம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார்.

இப்போது வெளிச்சுவரில் கறுப்பு வயர் ஓடுகிறது. கடுதாசி இல்லை, துரை கேட்டால் கேட்கட்டும். ஆனாலும் வானம் இருட்டினால் அவள் போன் பக்கமே போவதில்லை.

பிரேமினியின் கட்டிலுக்கு மேலே, தகரம் போன இடத்தில் பிளாஸ்டிக் விரிப்பு படபடக்கிறது. அவளுக்கு ஒரு கூரைத் தகரம் கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.