அரசர் வருவார்

நாடகத்தில் அரசனாக நடிக்க ஒருவருக்கும் விருப்பம் இருக்கவில்லை. நாடகத்தை எழுதி இயக்கிய பிரசாந்தினிக்கு இது புதிராக இருந்தது. லண்டன் நோர்பரியில் மருந்துக்கடை வேலை முடித்து வந்து, இரவிரவாக அரசனுக்கென்று நீண்ட நீண்ட வசனங்களாக எழுதியிருந்தாள். தோற்றுப்போன அரசன், எதிரியின் பக்கம் தாவிவிட்ட சபை, வெறும் சிம்மாசனத்துக்குக் காவலாகத் தனியே நிற்கும் பொறையன் என்ற வாயில்காவலன். இதுதான் கதை. பொறையனுக்கு வசனமே அதிகமில்லை. ஆனால் எல்லாருக்கும் அவன்தான் வேண்டியிருந்தது.

"அரசன் வேசத்தை வேறை ஆருக்கும் குடுங்கோ அக்கா," என்றார் ஸ்ரீதரன். சுவிஸிலிருந்து வந்து சட்டனில் டயர்க்கடை வைத்திருப்பவர். "சனம் பொறையனைத்தான் பாக்கும். நான் பள்ளிக்கூடத்திலை சரித்திரம் படிக்கேக்கையும் அப்பிடித்தான். ராசாக்களின்ரை பேர் ஒண்டும் நினைவில்லை. கடைசிவரைக்கும் கூட நிண்டவன் ஆரெண்டுதான் தேடுவன்."

"நாய் செத்துப்போற படத்துக்கு எல்லாரும் ஏன் அழுறம்? சேம் திங்," என்றாள் ஜதுர்ஷிகா. லண்டனில் பிறந்தவள், துரோகி மந்திரியாக நடிக்கத் தானாகவே கை உயர்த்திய ஒரே ஆள்.

கடைசியில் சீட்டுக் குலுக்கினார்கள். அரசன் ஸ்ரீதரனுக்கும் பொறையன் கீர்த்தனனுக்கும் விழுந்தார்கள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கவுன்சிலில் வேலை செய்யும் கீர்த்தனன் எதிலும் நிலைத்து நிற்காதவன் என்று பெயர் எடுத்தவன். ஜிம்மை மாற்றுவான், போன் கம்பெனியை மாற்றுவான், ஆதரிக்கும் உதைபந்தாட்ட அணியைக்கூட மாற்றியிருக்கிறான்.

"நீயோடா பொறையன்?" என்று ஸ்ரீதரன் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனாலும் அவருக்கு மனம் சுணங்கியிருந்தது. கிரீடத்தை வாங்கித் தலையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தார். அப்படியிருந்தும் ஒரு ஒத்திகையையும் அவர் தவறவிடவில்லை. சனிக்கிழமைகளில் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு ரயிலேறி வந்தார். அந்த நீண்ட வசனங்களை முதலில் மனப்பாடம் செய்து முடித்தவரும் அவர்தான்.

நாடகம் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம். அன்று பார்த்துக் காற்றுச் சுழன்றடித்தது. சனம் வந்து நிறைந்துவிட்ட நேரத்தில் பிரசாந்தினியின் போன் அடித்தது.

"தண்டவாளத்திலை மரம் விழுந்திட்டுதாம் அக்கா. ரெயின் நடுவழியிலை நிக்குது," என்றார் ஸ்ரீதரன். "நீங்கள் தொடங்குங்கோ. நான் எப்பிடியும் வந்திடுவன்."

தொடங்காமலிருக்க வழியில்லை. பின்னேரம் அதே மண்டபத்தில் யாரோ ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் விழா. அரசன் மேடைக்கு வருவது கடைசிக் காட்சியில்தானே, அதற்குள் வந்துவிடுவார் என்று திரையைத் திறந்தார்கள்.

கடைசிக் காட்சியும் வந்தது. அரசன் வரவில்லை. வெறும் சிம்மாசனத்தின் பக்கத்தில் கீர்த்தனன் வேலோடு நின்றான். மந்திரி வேடத்தில் ஜதுர்ஷிகா சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஓடிப்போன அரசனுக்கு ஏனடா காவல்?"

"அரசர் வருவார்."

எழுதியிருந்த வசனம் அவ்வளவுதான். இதற்குமேல் அரசன் வரவேண்டும். கீர்த்தனன் பக்கத்திரையைப் பார்த்தான். பிரசாந்தினி ஒரு கையில் போனும் மறுகையில் கிரீடமுமாக நின்றாள். விளக்கையும் திரையையும் பார்த்துக்கொள்ளும் டெனுசனைக் காட்டி, கிரீடத்தை அவன் தலையில் வைத்து அனுப்பட்டுமா என்று சாடையால் கேட்டாள். கீர்த்தனன் தலையை மெல்ல ஆட்டி மறுத்தான். பூட்டிய கடையையும் ரயிலையும் அந்த வசனங்களையும் நினைத்தான். ஸ்ரீதரன் அண்ணை வாசலுக்கு வரும்போது வேறொருவன் அரசனாக நிற்பதை அவனால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

அரசன் வரும்வரை காட்சியை இழுக்கவேண்டும் என்று ஜதுர்ஷிகாவுக்கு விளங்கிவிட்டது.

"உனக்கு ஆயிரம் பொற்காசு தருகிறேன். இந்த இடத்தை விட்டுப் போ."

"அரசர் வருவார்."

"ஐந்து ஊர் தருகிறேன்."

"அரசர் வருவார்."

அவளுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு கணம் யோசித்தாள். "சட்டனில் ஒரு வீடு தருகிறேன். கார்டனோடு. மோர்ட்கேஜ் இல்லாமல்!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. கீர்த்தனனுக்கும் சிரிப்பு முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"அரசர் வருவார்."

"வாசலிலேயே பார்க்கிங்கும் தருகிறேன்!"

"விட்டிடாதை தம்பி! நில்லு!" முன்வரிசையிலிருந்து நகுலேஸ்வரி குரல் கொடுத்தாள். தோர்ண்டன் ஹீத்தில் மரக்கறிக்கடை வைத்திருப்பவள். கடைக்குள் பேசினால் பஸ் தரிப்பிடம்வரை கேட்கும். மந்திரி அடுத்த ஆசையைக் காட்டியபோது கீர்த்தனன் வாய் திறக்குமுன் அவளே பதில் சொன்னாள்: "அரசர் வருவார்!" அதற்கடுத்த முறை அவளோடு நாலைந்து வரிசைகள் சேர்ந்துகொண்டன. பிறகு மந்திரி எதைக் கொடுத்தாலும் மண்டபம் முழுவதும் ஒரே குரலில், "வருவார்!"

கீர்த்தனனின் தோள் வேல் பிடித்துப் பிடித்துக் கடுத்தது. ஆனால் இப்படியொரு சந்தோசத்தை அவன் முன்பு அறிந்ததில்லை. வாக்கு மாறாமல் ஓரிடத்தில் நிற்பது இவ்வளவு இலகுவாக, இவ்வளவு இனிப்பாக இருக்குமென்று யாரும் அவனுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

அப்போது மண்டபத்தின் பின்கதவு திறந்தது. நனைந்த ஜாக்கெட்டும் ஜீன்ஸுமாக, மூச்சிரைக்க, ஸ்ரீதரன் நின்றார். எல்லாத் தலைகளும் திரும்பின. பிறகு யாரும் சொல்லாமலே சனம் எழுந்து நின்றது. நாற்காலிகளுக்கு நடுவே அவர் நடந்து வந்து மேடையேறினார். மனப்பாடம் செய்த வசனங்களில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"பொறையா," என்றார், "இன்னும் நிக்கிறியோடா?"

"நிக்கிறன் அரசே."

ஸ்ரீதரன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நாடகத்தில் அது இல்லை. கைதட்டலுக்குள் பிரசாந்தினி திரையை மூடச் சொல்லிக் கத்தியது டெனுசனுக்குக் கேட்கவேயில்லை.

பிறகு மண்டபத்துக் குசினியில் எல்லாரும் ரோல்ஸ் சாப்பிட்டார்கள். பிறந்தநாள்காரர் பலூன்களோடு வாசலில் வந்து காத்து நின்றார்கள்.

"என்ரை வசனம் முழுக்கப் போச்சுது," என்று பிரசாந்தினி முறைப்பட்டாள். முகம் மட்டும் மலர்ந்திருந்தது. "சட்டன் தமிழ்ச் சங்கத்திலையும் நாடகத்தைப் போடச்சொல்லிக் கேட்டினம். அங்கை நீங்கள் பொறையனாய் வாங்கோ ஸ்ரீதரன். கீர்த்தனன் விட்டுத் தருவான்."

"தருவன் அண்ணை," என்றான் கீர்த்தனன்.

ஸ்ரீதரன் வேண்டாம் என்று தலையசைத்தார். "டக்சியாலை இறங்கி ஓடி வாறன், கதவுக்கு வெளியிலை நிண்டு கேட்டால் உள்ளுக்கை முழுச்சனமும் 'வருவார்' எண்டு கத்துது. என்னைத்தான்! கொஞ்சநேரம் கதவைத் திறக்க ஏலாமல் நிண்டனான். எனக்கு அரசனே போதும் அக்கா."

"அப்ப அங்கையும் பிந்தித்தான் வரப்போறியளோ?" என்று ஜதுர்ஷிகா கேட்க, ஸ்ரீதரன் கையிலிருந்த ரோல்ஸை அவளை நோக்கி எறிவதுபோல ஓங்கினார்.