பால் வாங்காத வீடு

பால் விடாத டீயைக் கொண்டுபோனவள், கட்டிலில் நீட்டியிருந்த புருஷனின் இடது காலைப் பார்த்தாள். தம்ளரை மேசையில் வைப்பதாக நினைத்துக் காற்றில் வைத்தாள். டீ தரையெல்லாம் ஓடியது. விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம். பெருவிரல் நுனியில், கரண்டியால் சுரண்டி எடுத்த மாதிரி ஒரு பள்ளம்.

"என்னடி, தரைக்கு டீ குடுக்குற?" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

"கால்... உங்க காலு..."

"காலுக்கு என்ன? இருக்குதா, அதுவும் போயிருச்சா?"

எழுந்து உட்கார்ந்து பார்த்தார். விரலைத் தொட்டார். அழுத்தினார். வலி இல்லை. கணுக்காலுக்குக் கீழே இருந்த உணர்ச்சியைச் சர்க்கரை நோய் தின்று தீர்த்து நாலு வருஷம் ஆகிறது. மிச்சம் இருந்த சதையை எலி தின்னத் தொடங்கியிருக்கிறது. படுத்திருந்த மனுஷனுக்கு ஒரு கனவுகூடக் கலையவில்லை.

இரும்பு உருக்கும் உலையில் இருபத்தாறு வருஷம் நின்றவர். தெருவே அவரை உலைக்காரர் என்றுதான் கூப்பிடும். தீப்பொறி விழுந்தால் தட்டிவிட்டு வேலையைப் பார்த்த கால் அது. போன வருஷம் அதே காலில் சுண்டுவிரலை எடுத்தார்கள்.

டாக்டர் ஊசி போட்டுக் கட்டுக் கட்டினார். அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "இது ஆறுறதே பெரிய விஷயம். இன்னொரு கடி பட்டா பாதத்தோட எடுக்கணும். காலைத் தலையணை மேலயே வெச்சிருங்க, கீழ ஊனக்கூடாது. முதல்ல வீட்டுல இருக்குற எலியைப் பாருங்க."

அன்று மத்தியானமே நாத்தனார் வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். வெட்டிய கால்களை வாளியில் தூக்கிக்கொண்டு போய்ப் பழகியவள். அண்ணன் காலை ஒரு பார்வை பார்த்தாள். பையிலிருந்து எலி மருந்துப் பொட்டலத்தை எடுத்து மேசையில் போட்டாள்.

"மூலைக்கு ஒண்ணு வை அண்ணி. நாலு நாள்ல சுத்தம்."

"நாலு நாளா? நாலு நாள் என்ன பண்ணும் அது?"

"உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சு சாவும். உனக்கு அது எதுக்கு?"

"இந்த வீட்டுல விஷம் வைக்க மாட்டேன்."

"அப்ப என் அண்ணன் காலை வை. தினம் ஒரு விரல். எலிக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

 அவள் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவள் பிறவியிலேயே இப்படி இல்லை. பத்தொன்பது வருஷம் கோழி ஆலையில் நின்றவள். ஓடிக்கொண்டே இருக்கும் கொக்கியில் உயிருள்ள கோழியைத் தலைகீழாக மாட்டுவது வேலை. நிமிஷத்துக்கு இருபது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், மாட்டிய கோழி கையிலேயே ஒரு முட்டை இட்டது. சுடச்சுட இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி கத்தினார். முட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தவள், திரும்பிப் போகவில்லை. அதற்கப்புறம் கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை, தேன் இல்லை. தோல் செருப்புகூட இல்லை. என் கையால் இனி ஒரு உயிர் போகாது என்று யாருக்கும் சொல்லாமல் தனக்கே சொல்லிக்கொண்டாள். இப்போது வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஆட்டுக்குட்டி என்று பெயர். "ஏ ஆட்டுக்குட்டி, இன்னைக்கு என்ன தழை?" என்று தினமும் ஒருத்தி கேட்பாள். அவள் சிரித்துக்கொள்வாள்.

எறும்பு வந்தால் அவள் மருந்து தூவ மாட்டாள். வரிசையைப் பின்தொடர்ந்து போய், அவை எதைத் தேடி வந்தன என்று பார்த்து அதை எடுத்து வெளியே வைப்பாள். எறும்பும் கூடவே போய்விடும். எலிக்கு ஒரு கம்பிக்கூண்டு. உள்ளே வேர்க்கடலை. காலையில் அகப்பட்டதைத் துணி போட்டு மூடி, தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கும் பொட்டல் வரைக்கும் இருபது நிமிஷம் நடந்து, கதவைத் திறந்து விடுவாள். ஓடுவதை நின்று பார்க்க நேரம் இருக்காது. ஷிஃப்டுக்கு மணி அடித்துவிடும். இதுவரைக்கும் ஆறு.

புருஷனைக் கடித்த மறுநாளே ஏழாவது விழுந்தது. கொழுத்த எலி. கம்பியைக் கடித்துக் கடித்து மூக்கில் ரத்தம். மற்றவை மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். இது மட்டும் பேய் பிடித்த மாதிரி கூண்டையே தூக்கி அடித்தது.

"இதுதாங்க, உங்களைக் கடிச்சது. திமிரைப் பாருங்க."

"கொண்டுபோய் விடு தாயே. போற வழிக்குச் சாப்பாடும் கட்டிக் குடு."

பொட்டலில் கதவைத் திறந்ததும் அது வெளியே போகவில்லை. வீடு இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றது. கூண்டைத் தட்டி விரட்டிவிட்டு வேலைக்கு ஓடினாள். அன்று முழுக்க இஸ்திரி மேசையில் அவள் கை லேசாக இருந்தது. புருஷன் காலும் பிழைத்தது, எலியும் பிழைத்தது. ஊரில் எத்தனை பேருக்கு இப்படி வாய்க்கும்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னார்: "கீழ எங்கயோ கீச்சு கீச்சுன்னு கேக்குதுடி."

"அதைத்தான் விட்டுட்டு வந்துட்டேனே. உங்க காதுக்குள்ள ஒண்ணு இருக்கும்."

"உணர்ச்சி போனது காலுக்கு. காது நல்லாத்தான் இருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். கட்டிலுக்குக் கீழே அவருடைய தகரப் பெட்டி, பழைய செருப்பு, தூசி. அடுத்த நாளும் அதையே சொன்னார். "சத்தம் நேத்தை விட மெலிசா இருக்கு." அவள் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டே, "நல்லதுதானே" என்றாள்.

மூன்றாம் நாள் காலை சத்தம் நின்றிருந்தது. அன்று அவளுக்கு விடுமுறை. வீட்டைக் கூட்டும்போது, சுவரோரமாக எறும்பு வரிசை ஒன்று போவதைப் பார்த்தாள். எப்போதும்போல் விளக்குமாற்றை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். வரிசை கட்டிலுக்குக் கீழே நுழைந்தது. தகரப் பெட்டியின் முதுகில் துருப்பிடித்து விழுந்த ஓட்டைக்குள் இறங்கியது.

பெட்டிக்குள் உலைக்காரரின் கம்பளிக் கோட்டு இருந்தது. உலைச் சூட்டுக்குப் போடுகிற, நாலு கிலோ கனக்கும் கோட்டு. வேலை போனபிறகும் அதைத் தூக்கிப் போட அவர் விடவில்லை, அவளும் தொடுவதில்லை. இழுத்துத் திறந்தாள். முதலில் வாடை வந்தது.

கோட்டின் மார்புப் பக்கம் பொடிப்பொடியாகக் கடித்துப் பஞ்சாக்கப்பட்டிருந்தது. அதோடு போன வருஷம் அவர் காலில் கட்டிய பழைய கட்டுத்துணி நூல் நூலாகப் பிரித்து, வட்டமாகச் சுற்றி, தொட்டில் மாதிரி. அதற்குள் ஒன்பது குட்டிகள். முடி முளைக்காத, கண் திறக்காத, சுண்டுவிரல் நீளச் சதைத் துண்டுகள். தோல் சுருங்கி, வயிறு ஒட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக வாய் திறந்து கிடந்தன. எறும்பு கண் இருக்கும் இடத்திலிருந்து ஆரம்பித்திருந்தது.

விளக்குமாற்றைக் கீழே போட்டாள். 

"என்னடி? என்ன அது?"

பெட்டியை அப்படியே தூக்கிக் கட்டில்மேல் வைத்தாள். அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.  அப்புறம் இரண்டு விரலை விட்டு அடியிலிருந்த ஒன்றை எடுத்தார். ஒட்டியிருந்த எறும்பை ஊதிவிட்டார்.

"இது ஆடுதுடி."

ஆடியது. ஒரு முன்னங்கால் மட்டும்.

"பால்," என்றார் அவர். "திரி நனைச்சு வெச்சா குடிக்கும். பால் கொண்டா."

அவள் சமையலறைக்கு ஓடினாள். அலமாரியைத் திறந்தபிறகுதான் நினைவு வந்தது: ஆறு வருஷமாக அந்த வீட்டில் ஒரு சொட்டுப் பால் கிடையாது. செருப்புப் போடாமல் எதிர்வீட்டுக்கு ஓடினாள். தையல்காரி மெஷினை நிறுத்தினாள்.

"நீயா? பாலா? வீட்டுல யாருக்கு என்ன?"

"கொஞ்சம் போதும்க்கா. சீக்கிரம்."

"கொழந்தை யாராச்சும் வந்திருக்கா?"

"எலிக்குட்டிக்கு."

தையல்காரி வாயில் வைத்திருந்த ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டாள். எழுந்து போய் அரைத் தம்ளர் ஊற்றிக் கொடுத்தாள்.

ஒரு கன்றுக்குப் போக வேண்டிய பால் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்! இப்போது அது சிந்திவிடக் கூடாதே என்று தெருவைக் கடந்தாள். திரும்பி வந்தபோது கட்டிலருகே நாத்தனார் நின்றிருந்தாள், கட்டு மாற்ற வந்தவள். அண்ணன் உள்ளங்கையில் இருந்ததையும் அண்ணி கையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் கிறுக்கு புடிச்சிருக்கா? கடிச்ச எலியோட குட்டிக்குப் பாலா?"

"ஊத்து," என்றார் அவர்.

திரியை நனைத்து அந்த வாயில் வைத்தாள். பால் கடைவாயில் வழிந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி வழிந்தது. முன்னங்கால் எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் மூன்று பேரும் செத்ததற்குப் பால் ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தாயையும் புள்ளைங்களையும் நான்தான் பிரிச்சேன்," என்றாள் அவள். "வயித்தைப் பாத்திருந்தா பால் காம்பு தெரிஞ்சிருக்கும். துணியைப் போட்டு மூடித் தூக்கிட்டுப் போனேன். இதுங்கதான் போச்சு. தாயாவது அங்க இருக்கும்."

நாத்தனார் வாயைத் திறந்தாள், மூடினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன? சொல்லு."

"வேண்டாம் அண்ணி."

"சொல்லும்மா."

"நான் வேலைக்குப் போற வழி அந்தப் பொட்டல்தான். நீ கூண்டைத் தூக்கிட்டு வர்ற நேரம் அங்க காக்காய்ங்களுக்குத் தெரியும். கம்பத்து மேல வரிசையா உக்காந்திருக்கும். நீ திறந்து விட்டுட்டு திரும்பிப் பாக்காம போவ. நீ தண்டவாளம் ஏறதுக்குள்ள முடிஞ்சிரும்." குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கொழுத்தது கொஞ்ச தூரம் ஓடுச்சு. இந்தப் பக்கமாத்தான் ஓடுச்சு."

"ஏழுமா?"

"நான் பாத்தது நாலு."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"ஆலையில இருந்து வந்தப்புறம் இப்பதான் நீ நிம்மதியா தூங்குற. அதை ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

அவள் தரையில் உட்கார்ந்தாள்.  கோழி ஆலையில் வரிசை எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தே மாட்டினாள். இங்கே ஏழு தடவை வேர்க்கடலையை வைத்து, தன் காலால் நடந்து, தானே பந்தி பரிமாறிவிட்டு, நல்லது செய்துவிட்ட நினைப்பில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு துணி தேய்த்திருக்கிறாள்.

உலைக்காரர் குட்டியைப் பெட்டிக்குள் மற்ற எட்டோடு வைத்தார். கோட்டின் கையை எடுத்து மேலே மூடினார்.

"கோட்டோட புதைச்சிரு," என்றார்.

அன்று மாலையே சுவரில் இருந்த ஓட்டைகளை அடைத்தாள். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. கட்டிலில் இருந்தபடியே அவர் சிமெண்டைக் குழைத்துக் கொடுத்தார். அவள் கம்பிச்சுருளைத் திணித்துப் பூசினாள். ஆனால் காலையில் கட்டில் காலடியில் புதுப் புழுக்கை கிடந்தது. அடைத்தபோது ஒன்று உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே போக அதற்கு வழி இல்லை. பசி வந்தால் அதற்குத் தெரிந்த இடம் ஒன்று இருக்கிறது, தலையணைமேல் இருக்கும் அந்தக் கால்.

கட்டு மாற்ற வந்த நாத்தனார் பையிலிருந்து பொட்டலத்தை எடுக்கப் போனாள். இவள் அந்தக் கையைப் பிடித்தாள்.

"விஷம் வேண்டாம். சட்டுன்னு போறது எது?"

"கம்பி விழுந்து அடிக்குற பொறி. கழுத்துல விழுந்தா கண்ணு மூடி திறக்குறதுக்குள்ள போயிரும்." தயங்கினாள். "நான் வந்து வைக்குறேன் அண்ணி. நீ வெளிய போயிரு."

"வேண்டாம். இனிமே இன்னொருத்தர் பாத்துட்டு எங்கிட்ட சொல்ல வேண்டாம்."

கடையிலிருந்து வாங்கி வந்து அவளே வேர்க்கடலையை மாட்டினாள், அவளே கம்பியை இழுத்துக் கொக்கியில் நிறுத்தினாள். சுவரை ஒட்டி வைத்தாள். புருஷனுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள். சலவைக்கூடத்துக்கு லீவு சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு, வெயில் சன்னல் வழியாகத் தரையில் விழுந்திருந்த நேரம், அது அடித்தது. கதவை அறைந்த மாதிரி ஒரு சத்தம். அவர் இரண்டு கால்களையும் மேலே இழுத்துக்கொண்டார்.

அவள் போனாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. குனிந்து கம்பியைத் தூக்கி, எலியை எடுத்து, மல்லாக்கத் திருப்பி, கட்டைவிரலால் வயிற்று முடியை விலக்கிப் பார்த்தாள்.

"என்னடி?"

"ஆண்."

"அப்பாடா," என்றார் அவர். சொன்னபிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

கால் தப்பித்தது. அது அவளுக்குப் புரிந்தது. அதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்பதும் புரிந்தது. எலி இன்னும் சூடாக இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, அதைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது நடுங்கத் தொடங்கும் என்று காத்திருந்தாள். அது நடுங்கவே இல்லை.