தாடையில் வைத்த கிட்டார்

திருவனந்தபுரம் சாலை பஜாரில் தேங்காய்த் தகராறு வந்தால் போலீஸுக்குப் போவதில்லை, நயினார் அண்ணாச்சியிடம் போவார்கள். லோடு கொண்டுவந்தவன் முத்தின காய் என்பான், வாங்கியவன் இளசு என்பான். அண்ணாச்சி குவியலிலிருந்து ஒரு காயை எடுத்து, விரல் முட்டியால் தட்டி, காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவார். அவர் சொன்னதுதான் தீர்ப்பு. பழவங்காடி கணபதிக்கு உடைக்கப் போகும் காயில் அழுகல் வந்ததில்லை என்றால் அது அந்தக் காதின் பெருமை.

அந்தக் காது போன ஓணத்தோடு படுத்துவிட்டது. விஷயம் அவருக்கும் மகள் ஷிஜாவுக்கும் மட்டுமே தெரியும்.

சாலையில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. அதனால் பேச்சு தப்பியது. உதட்டைப் பார்த்துப் பாதி, சத்தத்தை வைத்துப் பாதி என்று ஒப்பேற்றிவிடுவார். தேங்காய்தான் கழுத்தை அறுத்தது. தேங்காய் கத்தாது. உள்ளங்கையில் அது அதிர்வதை வைத்துக் குத்துமதிப்பாகத் தீர்ப்புச் சொல்லிக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, காதுல மெஷின் வச்சா என்ன குறைஞ்சு போகும்?" என்று கடைக் கம்ப்யூட்டர் முன்னால் இருந்து ஷிஜா தினமும் கேட்பாள்.

"மெஷின் வச்சவன்கிட்ட எவன்ட்டி காய் கொண்டு வருவான்? மறுநாளே எதுத்த கடைக்காரன் என் ஸ்டூல்ல வந்து உக்காந்துருவான்."

எதிர்க்கடை மகேஷ்குமாருக்கு அந்த ஸ்டூல் மேல் வெகுநாள் கண். கொஞ்ச நாளாக அண்ணாச்சி காயை அதிக நேரம் கையில் வைத்திருக்கிறார் என்பதையும் அவன் கவனித்து வைத்திருந்தான்.

இந்த நிலையில் ஒரு சனிக்கிழமை மதியம் கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நீளமான இரண்டு கறுப்புப் பெட்டிகள் இறங்கின. சவப்பெட்டி மாதிரி இருந்த வாகைப் பார்த்து நயினார் மரியாதையாக எழுந்து, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துவிட்டார்.

"அண்ணாச்சி இருக்கணும், இது கிட்டார்" என்றான் முதல் பெட்டிக்காரன். பெயர் லிஜோ. சர்ச் கொயரில் வாசிப்பவன், பக்கத்துத் தெருவில் செல்போன் கடை வைத்திருப்பவன்.

இரண்டாவது பெட்டியைக் குழந்தை மாதிரி ஏந்தி வந்தவர் கரமனை அக்கிரகாரத்து உமாசங்கர், வங்கி அதிகாரி. "நாயம் கேட்டு வந்திருக்கோம்" என்றார்.

நியாயம் இதுதான். உமாசங்கரின் கிட்டார் ஜெர்மனியில் செய்தது. லிஜோவின் கிட்டார் கல்கத்தாவில் செய்தது. இரண்டுக்கும் அறுபது வயது தாண்டிவிட்டது. எதன் நாதம் உயர்ந்தது, எது கைக்கு இசைவானது என்று இருவரும் பல வருடமாகச் சண்டை போடுகிறார்கள். தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்ட சங்கீதக்காரர்கள் எல்லாரும் ஒரு தடவை வந்துவிட்டு அப்புறம் போனையே எடுப்பதில்லை.

"சங்கீதம் தெரிஞ்சவா யாரும் வேண்டாம்னு தீர்மானம் பண்ணிட்டோம். அவாளுக்கெல்லாம் பட்சபாதம் உண்டு. உங்களுக்கு சங்கீதம் தெரியாது, காது மட்டும் இருக்கு" என்றார் உமாசங்கர்.

"திருவனந்தபுரத்துலயே பெஸ்ட் காது அண்ணாச்சிக்குத்தான், அல்லே?" என்றான் லிஜோ.

காது என்ற சொல்லை அடுத்தடுத்து இரண்டு உதடுகளில் படித்ததும் நயினார் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "இன்னைக்கு ராகுகாலம்" என்றார்.

"சனிக்கிழமை ராகுகாலம் காலைல முடிஞ்சாச்சு அண்ணாச்சி" என்று எதிர்க்கடையிலிருந்து குரல் வந்தது. மகேஷ்குமார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். "தேங்காய்க்குக் கேக்கிற காது கிட்டாருக்குக் கேக்காதா? கேட்டுச் சொல்லும். நாங்களும் தெரிஞ்சுக்கிடுதோம்."

இதற்குள் சுமட்டுத் தொழிலாளிகள் லோடு இறக்குவதை நிறுத்திவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். மறுத்தால் சந்தேகம் வரும். ஒத்துக்கொண்டால் சந்தேகம் தீரும். நயினார் ஸ்டூலில் உட்கார்ந்து, "வாசிங்கடே" என்றார்.

உமாசங்கர் தேங்காய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்து வாசித்தார். வாசிக்கும்போது உதடுகளும் அசைந்தன. ஜபம் பண்ணுகிறார் என்று நயினார் எடுத்துக்கொண்டார். தூரத்தில் பஸ் போவது போல ஒரு முனகல் மட்டுமே அவருக்கு எட்டியது. லிஜோ வாசித்தான். அவன் உதடுகளும் அசைந்தன. இது ஜெபமாக இருக்கும். அதே பஸ் திரும்பி வந்தது.

"என்ன அண்ணாச்சி?" என்றான் மகேஷ்குமார், முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

தெரிந்த தொழிலைத்தான் செய்ய முடியும். நயினார் லிஜோவின் கிட்டாரை வாங்கி முட்டியால் தட்டினார். காதோரம் கொண்டுபோய்க் குலுக்கினார். உள்ளே ஏதோ உருண்டு கையில் தட்டுப்பட்டது.

"தண்ணி இருக்கு" என்றார்.

கூட்டம் தலையாட்டியது. லிஜோ பூரித்துப்போனான். கம்பி மீட்டும் பிளாஸ்டிக் வில்லை ஒன்று முந்தின வருஷ கிறிஸ்துமஸில் கிட்டாரின் நடு ஓட்டைக்குள் விழுந்தது என்பதை அவன் சொல்லவில்லை. உமாசங்கர் தன் கிட்டாரை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். சத்தமில்லை. முகம் சுருங்கிவிட்டது.

அடுத்து நயினார், தேங்காய்க் கண்ணை அமுக்கிப் பார்ப்பது போலக் கட்டைவிரலால் கம்பிகளை அமுக்கினார். ஜெர்மனிக்காரியின் கம்பிகள் மரத்தோடு ஒட்டிக் கிடந்தன. விரல் பட்டதும் பணிந்தன. கல்கத்தாக்காரியின் கம்பிகள் உயரத்தில் நின்றுகொண்டு விரலைப் பதம் பார்த்தன.

"இது கண்ணு இளசு. அது கண்ணு கல்லு. கைக்கு ஜெர்மனிதான் சொகம்" என்றார். அந்த அளவில் அது சரியான தீர்ப்பு.

"நாதம்?" என்றார் உமாசங்கர்.

நயினார் ஜெர்மன் கிட்டாரை மடியில் நிறுத்திக் காதுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். தேங்காய் அளவா அது? தூக்கிப் பிடித்ததில் அதன் விளிம்பு அவர் தாடையில் இடித்து அங்கேயே நின்றது. "அப்படியே கம்பியைத் தட்டும்" என்றார். உமாசங்கர் தட்டினார்.

மண்டைக்குள் விளக்குப் போட்டது போல இருந்தது.

எலும்பு வழியாக ஏறிய நாதம் நேரே உச்சிக்குப் போயிற்று. கம்பி கம்பியாகக் கேட்டது. ஆறு கம்பியும் கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர் போலத் தனித்தனியாக நின்றன. விரல் கம்பியில் வழுக்கும் கீச்சொலிகூடக் கேட்டது. நயினார் அசையவில்லை. அசைந்தால் போய்விடுமோ என்று பயந்தார்.

"அடுத்தது" என்றார்.

கல்கத்தா கிட்டார் வேறு ஜாதி. மாவு மில்லுக்குள் நுழைந்தது போல அடிக்கம்பிகள் நெஞ்சு வரை இறங்கின. மேல்கம்பிகள் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் ஒரு தட்டு தட்டினால் ஒலி போகாமல் பேசிக்கொண்டே இருந்தது. நயினார் கண்ணை மூடிக்கொண்டார்.

மகேஷ்குமார் காத்திருந்தது இதற்குத்தான். உதட்டில் விரல் வைத்து, லிஜோவிடம் சைகை காட்டினான்: கையை மட்டும் ஆட்டு, கம்பியைத் தொடாதே. லிஜோ குழப்பத்தோடு காற்றில் கையை ஆட்டினான். 

"ஏம்டே நிறுத்திட்ட?" என்றார் நயினார், கண்ணைத் திறக்காமல்.

கூட்டம் கைதட்டியது. வாசிப்பு நின்றது அங்கிருந்த எல்லாருக்கும் கேட்டதுதான். ஆனாலும் அண்ணாச்சிக்குக் கேட்டதை அவர்கள் பெரிய அதிசயமாக எடுத்துக்கொண்டார்கள்.

நயினார் கண்ணைத் திறந்தார். மகேஷ்குமார் விடவில்லை. "தாடையை எடுத்துட்டுச் சொல்லும், பாப்போம். காது இருக்கிற ஆளுக்குத் தாடை எதுக்கு?"

ஷிஜா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். நயினார் அவளைப் பார்க்கவில்லை, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத்தான் குனிந்து பார்த்தார். பிறகு மகேஷ்குமாரைப் பார்த்தார்.

"நீரு குலுக்காம காய் பாப்பீரா?"

மகேஷ்குமார் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டான். 

"அதானே" என்றார் ஒரு சுமட்டுத் தொழிலாளி. "ஒவ்வொரு காய்க்கும் ஓரோ முறை உண்டல்லோ." பேச்சு அதோடு முடிந்தது.

இனித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சொன்னால் இரண்டு பேரும் பெட்டியைப் பூட்டி ஆட்டோவில் ஏறிவிடுவார்கள். ஓணத்துக்கு அப்புறம் முதல்முதலாகத் திரும்பி வந்த சத்தமும் கூடவே ஏறிவிடும்.

"ரெண்டும் விளையல" என்றார் நயினார்.

"அறுபது வருஷமா விளையலையா?" என்றார் உமாசங்கர்.

"நீரு எங்க வச்சிருந்தேரு?"

"ஏசி ரூம்ல."

"அங்க எப்படி வேய் விளையும்? இங்க குடோன்ல கிடக்கட்டும். மதியம் மதியம் ரெண்டு பேரும் வந்து வாசிக்கணும். முத்தினதும் சொல்லுதேன்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாரோடது முதல்ல விளையும்?" என்றான் லிஜோ கவலையோடு.

அன்று முதல் குடோனில் மட்டைத் தேங்காய்க் குவியலுக்கு நடுவே இரண்டு கிட்டார்கள் விளைந்தன. நயினார் மதியம் சாப்பிட்டு முடித்ததும் போய் ஒன்றின் மேல் தாடையைச் சாய்ப்பார். கிட்டார் வைத்திருக்கும் வேறு சிலரும் பெட்டியோடு வந்து விளைச்சல் பார்க்கச் சொல்லி வாசலில் நின்றார்கள். காய்த் தகராறுகளையும் அவர் தாடையில் வைத்தே தீர்த்தார். கூர்மையாகக் கேட்டது, ஒரு தீர்ப்பும் தப்பவில்லை. ஒரு வாரத்தில் சாலை முழுக்க வியாபாரிகள் தேங்காயைத் தாடையில் வைத்துத் தட்டினார்கள். மகேஷ்குமாரும் தட்டினான், கதவைச் சாத்திக்கொண்டு.

ஆனால் ஷிஜாவை ஏமாற்ற முடியாது. ஒரு மதியம் சின்ன டப்பா ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். "இதையும் ஒரு தடவை வச்சுப் பாருங்க. தலையில துண்டைக் கட்டிக்கிட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. காதுல வந்து கேட்டா அந்த கிட்டார் இன்னும் எவ்வளவு நல்லாருக்கும், ஓர்த்துப் பாருங்க."

கிட்டார் என்ற அந்த ஆசையில்தான் அவர் விழுந்தார். மெஷினை மாட்டித் துண்டைச் சுற்றிக்கொண்டு குடோனுக்குப் போனார். உமாசங்கரும் லிஜோவும் அன்று சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். உதடுகள் வழக்கம் போல அசைந்தன.

நயினார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஜபமும் இல்லை, ஜெபமும் இல்லை. இரண்டு பேரும் பாடிக்கொண்டிருந்தார்கள். உமாசங்கர் மூக்கால் பாடினார். லிஜோ அவரை விடச் சத்தமாக, அவர் போகாத வழியில் பாடினான். கூரைப் புறாக்கள் ஏற்கெனவே வேறு கடைக்குக் குடிபோயிருந்தன. சங்கீதக்காரர்கள் ஏன் போனை எடுப்பதில்லை என்பது நயினாருக்கு அந்த நிமிஷம் புரிந்தது.

"அண்ணாச்சி, விளைஞ்சுதா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அவர் துண்டை அவிழ்த்தார். ரகசியம் போனால் போகட்டும் என்று மெஷினைக் கழற்றி அவர்கள் கண்ணெதிரிலேயே டப்பாவில் போட்டு மூடினார்.

"கிட்டார் முத்திட்டு. நீங்கதான் இன்னும் இளசு" என்று சொல்லிவிட்டு, கல்கத்தாக்காரியின் விளிம்பில் தாடையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். "ம், வாசிங்க."