அச்சில் சிரித்த முகம்

பஸ் டிப்போவில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் அவள் அண்ணி. நாத்தனாருக்கும் அண்ணிதான். நாமும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவோம். அண்ணியின் கணவர் ஆயுள் முழுக்க பஸ் ஓட்டி, ஓய்வு பெற்று, இப்போது காணாமல் போயிருந்தார். பால் வாங்க அண்ணி கீழே இறங்கிய நேரத்தில், தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு எங்கேயோ நடந்துவிட்டார்.

போலீசில் சொல்லியாயிற்று. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியாயிற்று. நோட்டீஸ் அடித்துத் தெருத்தெருவாக ஒட்டவும் செய்தாள். காலையில் ஒட்டினால் சாயங்காலத்துக்குள் அதன்மேல் 'வீடு வாடகைக்கு' என்று எவனாவது ஒட்டிவிடுகிறான். அப்போதுதான் டிப்போக்காரர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்.

"நாங்க நாள் பூரா ஊரைச் சுத்துறோம் அண்ணி. அண்ணன் முகத்தை டி-ஷர்ட்ல போட்டுக் குடுங்க. யூனிபாரத்துக்கு மேல மாட்டிக்கிறோம். பஸ்ல ஏறுற ஒவ்வொருத்தனும் பாத்துத்தானே ஆகணும்."

சொன்னதோடு நிற்காமல் வெள்ளை டி-ஷர்ட்டுகளை மூட்டையாகக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கியும் விட்டார்கள். அச்சுக்கடைகளில்தான் ஆள் கிடைக்கவில்லை. தேர்தல் நேரம். எந்தக் கடைக்குப் போனாலும் கட்சிச் சட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. "அடுத்த வாரம் வாங்கம்மா" என்றார்கள், என்னவோ அவர் அடுத்த வாரம் வரைக்கும் தெருவில் பத்திரமாக இருப்பதாக எழுதிக்கொடுத்த மாதிரி. அண்ணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. போனில் ஒரு வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். சட்டம், வலைத்துணி, ஒரு பச்சைப் பசை, மை. மனுஷர் செய்கிற வேலைதானே, நானே செய்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அதுவரை அவள் ஒரு பொத்தானைக்கூட நேராகத் தைத்தவளில்லை.

துணைக்கு நாத்தனார் வந்தாள். அவருடைய தங்கை. வாய் கொஞ்சம் நீளம், ஆனால் மனசு வெள்ளை. வந்ததும் வராததுமாக அண்ணியின் போனை வாங்கி, எந்தப் படத்தை அச்சடிப்பது என்று தேட ஆரம்பித்தாள். ஒரு படத்தில் கை நின்றது.

கட்டில் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். பல்செட் போடவில்லை. கன்னம் ஒட்டி உள்ளே போயிருந்தது. தாடி கண்டபடி மண்டியிருந்தது. கண் மட்டும், யாரையோ 'நீங்க யாரு' என்று கேட்பதுபோல் நிமிர்ந்திருந்தது. டாக்டருக்கு அனுப்புவதற்காகச் சமீபத்தில் அண்ணி எடுத்த படம் அது.

"இது அண்ணனா?" என்றாள் நாத்தனார். "எப்ப போன் பண்ணாலும் தூங்குறாரு தூங்குறாருன்னு சொன்னீங்களே அண்ணி."

அண்ணி என்னவென்று சொல்வாள்? ஒரு வருஷமாகவே அப்படித்தான். டிப்போவில் கேட்டால் வெளியூர் போயிருக்கிறார் என்பாள். பக்கத்து வீட்டில் கேட்டால் முதுகு வலி என்பாள். ஊரே மரியாதையாகப் பார்த்த மனிதர், பெண்டாட்டியைப் பார்த்து நர்ஸம்மா என்று கூப்பிடுகிறார் என்று யாரிடம் சொல்வது? நாலு பேருக்குத் தெரிந்தால் அவர் மானம் போய்விடும் என்று மூடி மூடி வைத்தாள். உண்மையில் அவருக்கு மானம் அவமானம் எல்லாம் எப்போதோ மறந்துபோயிருந்தது. வலித்ததெல்லாம் இவளுக்குத்தான்.

"இருக்கறதுலயே இதுதான் இப்ப எடுத்தது. இதையே போட்டா என்ன?"

அண்ணி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "இது வராது. வீடியோல சொல்றாங்க பாரு, கருப்பு வெள்ளை பளிச்சுனு இருக்கணுமாம். இது ஒரே மங்கல். துணியில அப்புனாப்ல ஆயிடும்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அந்த வலைத்துணிக்கு இரண்டே விஷயம்தான் தெரியும், மை இறங்கும் இடம், இறங்காத இடம். நடுவில் எதுவும் கிடையாது. ஒட்டிய கன்னத்தையும் சாம்பல் தாடியையும் அதனிடம் புரியவைக்க முடியாது. ஓய்வு பெற்ற அன்று எடுத்த படமோ அதற்கென்றே எடுத்தது மாதிரி இருந்தது. தொப்பி, கருகரு மீசை, மழித்த கன்னம், வரிசையாக வெள்ளைப் பல். மூக்கும் முழியுமாக மனிதர் ஜம்மென்று சிரித்தார். நோட்டீசிலும் அதே படத்தைத்தான் போட்டிருந்தாள்.

"பல்செட்டு குளியலறையில கிடக்கு அண்ணி," என்றாள் நாத்தனார் மெதுவாக. "போட்டுக்காமத்தானே போயிருக்காரு."

"முகம்னா முகந்தான். தெரிஞ்சவங்க கண்டுபிடிச்சிருவாங்க."

நாத்தனாரும் தொப்பிப் படத்துக்கே தலையாட்டினாள். அண்ணன் அப்படி ஊர் முன்னால் நிற்பதை அவளுக்கும் பார்க்கப் பிடிக்கவில்லை.

அண்ணி ஜெராக்ஸ் கடையில் கண்ணாடித் தாளில் அந்தச் சிரிப்பைக் கருப்பாக எடுத்து வந்தாள். சுவரில் மாட்டியிருந்த பெரிய படம் ஒன்றைக் கழற்றி, அதன் மரச்சட்டத்தில் வலைத்துணியை இழுத்துப் பின் அடித்தாள். பச்சைப் பசையைத் தடவி, குளியலறை ஜன்னலைப் போர்வையால் மூடி, இருட்டில் காய வைத்தாள். வெளிச்சம் பட்டால் பசை இறுகிவிடும். படத்தை மேலே வைத்து வெயில் காட்டினால், கருப்பு மறைத்த இடம் மட்டும் இறுகாமல் தண்ணீரில் கரைந்து போகும். அந்த வழியாகத்தான் மை இறங்கும். இவ்வளவும் அண்ணிக்குப் புரிந்திருந்தது. ஆனால் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காய்ந்ததா, காய்ந்ததா என்று கதவைத் திறந்து திறந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கூடத்து வெளிச்சம் உள்ளே போயிற்று. வெயிலுக்குக் கொண்டுபோகுமுன்பே மொத்தமும் இறுகிவிட்டது. எவ்வளவு தேய்த்தும் முகம் திறக்கவில்லை.

அடுத்த சட்டத்தில் அவசரப்பட்டாள். போதுமான வெயில் படுமுன்பே எடுத்துவிட்டாள். தண்ணீர் ஊற்றியதும் முகம் அழகாகத் தெரிந்தது. "வந்துருச்சு, வந்துருச்சு" என்று நாத்தனார் சொல்லி முடிப்பதற்குள் மீசை வழிந்தது, தொப்பி வழிந்தது, கண்ணும் சிரிப்பும் பச்சைத் தண்ணீராகக் குளியலறைக் குழியில் இறங்கிப் போயின. அண்ணி இரண்டு கையாலும் குழியைப் பொத்தினாள். பொத்தி என்ன ஆகப்போகிறது? விரலிடுக்கில் எல்லாம் போய்விட்டது. அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். இத்தனை நாள் போலீஸ்காரர் முன்னால்கூட அழாதவள். நாத்தனார் என்ன செய்வதென்று தெரியாமல் குழாயை மூடிவிட்டு, அவளுடைய தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. இந்தத் தடவை படத்தின்மேல் கண்ணாடியை அழுத்தி வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நகராமல் நின்றாள். முகம் வந்தது. வந்த முகம் நின்றது.

முதல் டி-ஷர்ட்டில் மையை அள்ளிக் கொட்டி, ஜன்னல் துடைக்கிற ரப்பரால் இழுத்தாள். உள்ளே அட்டை வைக்க வேண்டும் என்பதே ஞாபகமில்லை. மை ஊடுருவி முதுகிலும் முகம் இறங்கிவிட்டது. "நல்லதாப்போச்சு, போகும்போதும் தேடலாம் வரும்போதும் தேடலாம்," என்றாள் நாத்தனார். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்ததற்காகவே பிறகு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

போகப் போகக் கை பழகியது. மையைக் குறைத்து, ரப்பரைச் சாய்த்து, ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். சட்டத்தைத் தூக்கும்போது துணி கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்து, பிறகு விடும். அங்கே அவர் சிரிப்பார். நாத்தனார் அதன்மேல் காகிதம் போட்டு இஸ்திரிப்பெட்டியால் அழுத்துவாள். நாற்காலி முதுகு, கதவு, கட்டில், கொடி என்று வீடு முழுக்க அவர் முகமாகக் காய்ந்தது. அண்ணிக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. 'பாருங்கள், இதுதான் என் வீட்டுக்காரர்' என்று ஊருக்கே எடுத்துக் காட்டுவதுபோல் இருந்தது அவளுக்கு. முதல் மூட்டையை டிப்போ ஆட்கள் வந்து எடுத்துப் போனார்கள். மறுநாள் காலையிலிருந்து எல்லாருடைய நெஞ்சிலும் அவர் ஊர் சுற்றினார்.

அன்று மதியம், மீதியை வாங்கிப் போக டிப்போ வேன் வந்தது. நாலைந்து பேர் அந்த டி-ஷர்ட்டோடு கீழே நின்றார்கள். மேலே வந்தவர் புது டிரைவர். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அண்ணன் ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிவிட்டது. முகத்தை நேரில் பார்த்ததே இல்லை.

"நிறைய பேர் விசாரிக்கிறாங்க அண்ணி," என்றார், மூட்டையைக் கட்டிக்கொண்டே. "காலையில ஒரு பெரியவர்கூட. ஏறும்போதே என் நெஞ்சையே பாத்துக்கிட்டு நின்னாரு. யாரு தம்பி இதுன்னாரு. எங்க டிப்போ ஆளுதான், வீட்டை விட்டுப் போயிட்டாரு, தேடிக்கிட்டு இருக்கோம்னு சொன்னேன். விரலால தொட்டுப் பாத்துட்டு, ஆளு ஷோக்கா இருக்கானே, இவனுக்கு என்ன குறை, வீட்டுல தவிச்சுப் போயிருவாங்களேன்னு ரொம்ப வருத்தப்பட்டாரு."

"நல்ல மனுஷன்," என்றாள் நாத்தனார்.

"மனுஷன் நல்லவர்தான். பல்லு இல்லாததால பேச்சுதான் பாதி புரியல. எனக்குப் பின் சீட்டுல உக்காந்தாரு. ஒரு வேடிக்கை என்னன்னா, ஒவ்வொரு ஸ்டாப் வரும்போதும் எனக்கு முன்னாடியே அவரு வலது காலால தரையை அழுத்துறாரு. கண்ணாடியில பாத்துக்கிட்டே வந்தேன். அவருதான் பஸ்ஸை நிறுத்துற மாதிரி."

அண்ணியின் கையில் இருந்த டி-ஷர்ட் நழுவியது. கேட்கவும் பயம், கேட்காமலிருக்கவும் பயம்.

"தாடி இருந்துச்சா?"

"ஆமா, வெள்ளைத் தாடி. நீலக் கட்டம் போட்ட சட்டை, பட்டனை மேல கீழ மாத்திப் போட்டிருந்தாரு." சொல்லச் சொல்ல டிரைவரின் முகம் மாறியது. "ஏன் அண்ணி?"

"எங்க இறங்குனாரு?"

"கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்தாரு. இறங்கவே மாட்டேன்னாரு. நான்தான்..." அவர் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார். "அண்ணி, இந்த முகம் இல்லையே அது. சத்தியமா இந்த முகம் இல்லை."

"உங்க தப்பு இல்லப்பா," என்றாள் அண்ணி. "நான்தான் அவரை மறைச்சுட்டேன்."

அண்ணன் நம் பஸ்ஸிலேயே ஏறியிருக்கிறார். பேசியிருக்கிறார். நம் ஆள் ஒருவர் அவரைக் கைபிடித்து இறக்கிவிட்டிருக்கிறார். கடைசி நிறுத்தத்துக்கு அப்பால் லாரி ஓடுகிற நெடுஞ்சாலையும் புதர்க்காடும்தான். இறங்கியவர் இந்நேரம் எவ்வளவு தூரம் போயிருப்பாரோ, எந்தப் பக்கம் போனாரோ. புதிதாகப் படம் எடுத்து, பசை தடவி, காய வைத்து, வெயில் காட்ட இனி நேரம் ஏது?

அண்ணி உள்ளே போனாள். அழவில்லை. மை டப்பாவையும் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சையும் எடுத்து வந்தாள். போனில் அந்தக் கட்டில் ஓரத்துப் படத்தைத் திறந்து, நாத்தனார் கையில் கொடுத்து, "நேராப் பிடி" என்றாள். பிறகு புது டிரைவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"அசையாம நில்லுங்க தம்பி."

டி-ஷர்ட்டின் கழுத்து வழியாக ஓர் அட்டையை உள்ளே இறக்கினாள். மையில் விரலை முக்கி, அவள் அத்தனை ஆசையாக அச்சிட்ட வெள்ளைப் பல்வரிசையின்மேல் வைத்து இழுத்தாள். சிரிப்பு பாதி போயிற்று. இன்னொரு தடவை இழுத்தாள். வாய் கருங்குழியாகத் திறந்து நின்றது. கன்னம் இரண்டிலும் கட்டைவிரலால் பள்ளம் தேய்த்தாள். ஸ்பாஞ்சை மையில் லேசாகத் தொட்டு, மழித்த தாடையில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பொட்டுப் பொட்டாகத் தாடி வந்தது. நிமிர்ந்து போனைப் பார்ப்பாள், குனிந்து ஒற்றுவாள். கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை.

"கீழ நிக்கிறவங்களையும் வரச் சொல்லு," என்றாள் நாத்தனாரிடம். "எல்லாருக்கும் மாத்தணும். கடைசி ஸ்டாப்புக்கு உடனே ஆள் அனுப்ப வேன் ரேடியோல டிப்போவுக்கும் சொல்லச் சொல்லு. அவருக்குப் பல்லு இல்ல, தாடி இருக்கு, எதுவும் ஞாபகம் இல்லன்னு சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

நாத்தனார் படியில் தடதடவென்று இறங்கினாள். புது டிரைவர் அட்டையை வெளியே எடுத்து, டி-ஷர்ட்டை முன்னால் இழுத்துப் பிடித்து, தலைகீழாகத் தெரிந்த அந்த முகத்தைப் பார்த்தார்.

"இவருதான் அண்ணி," என்றார். "இவரைத்தான் நான் இறக்கிவிட்டேன்."