ருக்கியா கைதட்டிய நாள்

மலிந்தி என்னும் கடற்கரை ஊரில், மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் திடலில் அன்று எங்கள் நாடகம். குழுவில் பாதிப் பேர் ஹெராயினிலிருந்து மீண்டவர்கள். சவுமுவும் அப்படித்தான். தினமும் காலையில் மருத்துவமனை வரிசையில் நின்று, போதை ஏக்கத்தை அடக்கும் மருந்தைக் குடித்துவிட்டுத்தான் ஒத்திகைக்கு வருவாள். அவளுடைய மகள் நஸ்ரா, சவுமுவின் அக்கா ருக்கியாவின் வீட்டில் வளர்ந்தாள். சவுமுவை அந்த வாசல் பக்கமே ருக்கியா விடவில்லை.

நாடகமும் ஏறக்குறைய அதே கதைதான். போதையை விட்ட ஒருத்தி பிள்ளையைப் பார்க்க வருகிறாள், அக்காக்காரி கதவைத் திறக்க மறுக்கிறாள். தங்கை வேஷம் சவுமுவுக்கு, அக்கா வேஷம் எனக்கு. பார்ப்பவர்களில் யார் கைதட்டினாலும் காட்சி நிற்கும். தட்டியவர் வந்து தனக்குச் சரியென்று பட்டதை நடித்துக் காட்டலாம்.

அன்று தட்டியது ருக்கியா. மீன் வாங்க வந்தவள், கூடையோடு மேடையேறினாள். நான் ஒதுங்கிக்கொண்டேன்.

சவுமு தன் வசனத்தைச் சொன்னாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேன்."

"போன தடவையும் இதத்தாண்டி சொன்ன. புள்ளயோட யூனிஃபார்ம தூக்கிட்டுப் போய் வித்துட்ட."

"பாவம், தெறந்து விடும்மா!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"நீ கூட்டிட்டுப் போய் வச்சுக்கய்யா, அப்பத் தெரியும்!"

எல்லோரும் சிரித்தார்கள். சவுமு சிரிக்கவில்லை.

"வித்தேன்க்கா. இல்லேங்கல. அவ இப்ப எவ்ளோ ஒசரம் இருக்கா? அதையாவது சொல்லு."

அது நாடகத்தில் இல்லாத வசனம். ருக்கியா கூடையைக் கீழே வைத்தாள். கையைத் தன் தோளுக்குக் கொண்டுபோனாள்.

"இவ்ளோ. தலை பின்னவே விடமாட்டேங்குறா. நான் பின்னுனா இழுக்குதாம், நீ பின்னுனா இழுக்காதாம்."

சவுமு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழம வா. பகல்ல. நான் வீட்ல இருக்கப்ப" என்று சொல்லிவிட்டு ருக்கியா இறங்கிப் போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை சவுமுவுக்குத் துணையாக நானும் போனேன். ருக்கியா பிலாவ் சோறு வைத்தாள். நஸ்ரா எதிரே உட்கார்ந்து தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் படியிறங்கும்போது உள்ளே அவள் குரல் கேட்டது.

"பெரியம்மா, அவங்க அடுத்த வாரமும் வருவாங்களா?"

தெருமுனையில் சவுமு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மான்னு சொல்லல, பாத்தியா?"

"சொல்லல."

"ஆனா வருவாங்களான்னு கேட்டா."

இப்போதும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போகிறாள். நஸ்ரா இன்னும் "அவங்க" என்றுதான் சொல்கிறாள்.