மொட்டைவாலின் தொண்டையில் நீல நூல்

அண்ணி தன் கோழிகளை லேசில் யாரிடமும் விட்டுப் போகிறவள் இல்லை. ஆனால் மகள் வீடு மாறுகிறாள், சாமான் கட்ட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டபோது வேறு வழியில்லை. கணவரை வாசலில் நிற்க வைத்துவிட்டு, கொழுந்தனைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்க் கூண்டின் முன்னால் நிறுத்தினாள்.

"தம்பி, ஆறு உருப்படி. நான் வர்றப்ப ஆறும் நல்லபடியா இருக்கணும். இருந்துச்சுன்னா நீ கேட்ட குஞ்சுங்களைப் பத்திப் பேசலாம். இல்லன்னா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"நீங்க தைரியமா போய்ட்டு வாங்க அண்ணி. திரும்பி வரும்போது இதுங்க உங்களைப் பாத்து யாரு இந்தம்மான்னு கேக்கும். அப்படிப் பாத்துக்கறேன்."

"அதுதாண்டா எனக்குப் பயமே."

வீட்டில் அவனுக்கு டார்ச் என்று பெயர். செல்போன் பழுது பார்க்கிறவன். நெற்றியில் கட்டிய விளக்கைக் கழற்றாமலே சாப்பிட உட்காருவான். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் கோழி வளர்ப்பு வீடியோதான். கூண்டை ஒட்டிக் கிடக்கும் காலி இடத்தில் மனசுக்குள்ளேயே குஞ்சுகளுக்குக் கம்பிவலை அடித்து, கதவு போட்டு, தாழ்ப்பாளும் வைத்தாகிவிட்டது. பாக்கி இருந்தது அண்ணியின் தலையாட்டல் ஒன்றுதான். கொல்லை அவள் ராஜ்யம்.

ஒழுங்காகத்தான் ஆரம்பித்தான். விடிந்ததும் கூண்டைத் திறப்பான். கோழிகள் ராத்திரி உட்காரும் கழிக்கு அடியில் காய்ந்து கிடக்கும் எச்சத்தைச் சுரண்டுவான். தண்ணீரை மாற்றித் தீனி வைத்து, முட்டை எடுப்பான். அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. அவன் கைதான் சும்மா இருக்காதே! முட்டைப் பெட்டியில் அண்ணி பரப்பியிருந்த மரத்தூள் ஈரம் பட்டு நாறியது. புதுசு வேண்டுமென்றால் மர அறுவைக் கடை வரைக்கும் போகவேண்டும். இங்கேயோ மனைவியின் தையல் மெஷினுக்கு அடியில் வெட்டுத்துணி மலைபோலக் குவிந்து கிடந்தது. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற சமயம், அத்தனையும் நீலம். ஒரு கூடை அள்ளினான்.

"எதுக்குங்க அது?" என்றாள் மனைவி, மெஷினை நிறுத்தாமல்.

"மெத்தை போடறேன்."

"கோழிக்கா?"

"ஏன், அதுக்கெல்லாம் முதுகு வலிக்காதா?"

"எனக்கு ஒரு மெத்தை கேட்டு எவ்வளவு நாளாச்சு!"

"நீயும் தினம் ஒரு முட்டை போடு, வாங்கித் தர்றேன்."

அளவெடுக்கிற டேப் பறந்து வந்து அவன் முதுகில் சுளீரென்று விழுந்தது. அவன் சிரித்துக்கொண்டே போய் ஒவ்வொரு பெட்டியிலும் நீலத் துணியைப் பரப்பினான். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. படம் எடுத்து அண்ணிக்கு அனுப்பலாமா என்று யோசித்து, நேரில் வந்து அசந்து போகட்டும் என்று விட்டுவிட்டான்.

அண்ணி வருவதற்கு முதல் நாள் காலை. கதவைத் திறந்ததும் ஐந்து கோழிகள் முட்டிமோதிக்கொண்டு தீனிக்கு ஓடி வந்தன. மொட்டைவால் மட்டும் வரவில்லை. எப்போதோ ஒரு பூனை வாலைக் கவ்விக்கொண்டு போனதில் அதற்கு அந்தப் பெயர். வால் போனாலும் முட்டையில் அதை அடிக்க ஆளில்லை. அண்ணியின் செல்லம். அது மூலையில் நின்று கழுத்தை நீட்டி நீட்டி வாயைத் திறந்தது. எதையோ விழுங்கப் பார்க்கிறது, இறங்கவில்லை.

தூக்கிப் பார்த்தான். கழுத்துக்குக் கீழே தீனிப்பை கல்லாக இருந்தது. கோழி தின்பது முதலில் போய்ச் சேருகிற பை அது. ராத்திரி முழுக்க எதுவும் தின்னாததால் விடியும்போது காலியாகத் தொங்க வேண்டும். அலகைப் பிரித்து நெற்றி விளக்கைப் போட்டுப் பார்த்தான். நாக்கின் அடியில் ஒரு நீல நூல் சுற்றிக்கொண்டு, தொண்டைக்குள் இறங்கிப் போனது.

துணியின் ஓரத்தில் தொங்கிய பிசிறைப் புழு என்று நினைத்துக் கொத்தியிருக்கிறது! அந்த நேரம் பார்த்துத்தானா போன் அடிக்க வேண்டும்? அண்ணி.

"என்ன தம்பி, ஆறும் இருக்கா?"

"ஆறும் இருக்கு அண்ணி."

"மொட்டைவால் என்ன பண்ணுது?"

"இங்கதான் அண்ணி. என் கக்கத்துலயே இருக்கு."

"அவ்வளவு கொஞ்சாத, கெட்டுப்போகும். நாளைக்குக் காலைல வந்துடறேன்."

போனை வைத்தவன் கடைப்பெட்டியிலிருந்து இடுக்கியை எடுத்தான். தலைமுடி கனத்துக் கம்பியையெல்லாம் தூக்குகிற கை, ஒரு நூலை உருவாதா? நுனியைப் பிடித்தும்விட்டான்.

"இழுக்காதீங்க!" மனைவி கத்திக்கொண்டே ஓடி வந்தாள்.

"வந்துடும், நீ கோழியைப் பிடி."

"என்னத்த வரும்? பாவாடைக்குச் சுருக்கு எப்படி வைக்கிறேன், பாத்ததில்லையா? நூலை ஒரு பக்கம் இழுத்தா துணி முழுக்கக் கொசகொசன்னு வந்து சேராது? உள்ள போன நூலு எங்கெங்க மாட்டியிருக்கோ! இழுத்தீங்கன்னா அதோட தொண்டைதான் சுருங்கும், இல்ல அறுபடும்."

இடுக்கியைப் பிடித்த அவன் கை அப்படியே நின்றது. கோழியை அவன் துண்டில் சுற்றிப் பிடிக்க, அவள் நூல்வெட்டியால் நாக்கடியில் சுற்றியிருந்ததை மட்டும் 'டிக்'கென்று நறுக்கி எடுத்தாள். மிச்சம் உள்ளே போயிற்று.

அதற்குப் பிறகு செய்ய அதிகம் இல்லை, அதுதான் கொடுமை. சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, தீனிப்பையை விரலால் பிசைந்துகொடுத்தான். தீனி வைக்காமல் தண்ணீர் மட்டும் காட்டினான். தனிக்கூடையில் போட்டுச் சாக்கால் மூடினான். கடை திறக்கவில்லை. பெட்டிகளிலிருந்து துணியை ஒரு பிசிறு விடாமல் பொறுக்கினான். சாயங்காலம் பையை அமுக்கியபோது கல், களிமண் ஆகியிருந்தது. மனைவி கேட்டாள்: "அக்காகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"நடந்ததைத்தான். அவங்க கண்ணுக்கு முன்னாடி புளுக முடியுமா?"

மறுநாள் அண்ணி கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நேராகக் கொல்லைக்கு வந்தாள். சாக்கை விலக்கினாள். மொட்டைவால் எழுந்து நின்று ஒரு தடவை உடம்பை உதறியது. கூடைக்குள் புது எச்சம். அதில் சுருண்டு கிடந்தது நீல நூல்.

அண்ணி குனிந்து பார்த்தாள். "என்னடா இது? என் கோழியைப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டியா? சீருடையோட வெளிய வருது?"

டார்ச் மரத்தூளில் ஆரம்பித்து நூல் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னான். அவள் கோழியைத் தூக்கித் தீனிப்பையைத் தடவினாள். தளர்ந்து தொங்கியது.

"நூலை இழுத்தியா?"

"இழுக்கத்தான் போனேன். இவதான் விடல."

அண்ணி திரும்பி ஓரகத்தியை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லவேளை, இந்த வீட்ல ஒரு ஆளுக்காவது புத்தி இருக்கு." பிறகு மற்ற ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். ஐந்தும் தப்பித்திருந்தன. ஊறவைத்த தீனியைக் கொஞ்சமாக மொட்டைவாலுக்கு வைத்தாள். அது ஒரு வாய் கொத்தி, கழுத்தை நீட்டி, விழுங்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று பார்த்தது.

குஞ்சுப் பேச்சை அவன் எடுக்கவில்லை. எந்த வாயோடு எடுப்பான்? சுருட்டி வைத்த காலிச் சாக்குகளை எடுத்து அண்ணி அவன் மேல் எறிந்தாள்.

"போ, மரத்தூள் வாங்கிட்டு வா. ரெண்டு மூட்டை."

"நம்ம பெட்டிங்களுக்கு ஒரு மூட்டையே மிச்சம் அண்ணி."

"அப்ப குஞ்சுங்க எங்கடா படுக்கும், உன் தலையிலயா?"

அவன் சைக்கிளை எடுத்த வேகத்தில் நெற்றி விளக்கை அணைக்கவே மறந்துபோனான். பட்டப்பகலில் தெருமுனை வரைக்கும் அது எரிந்துகொண்டே போயிற்று.